அலிஃபில் தொடங்கும் விதவைகள்

"உன் புருஷன் எப்ப மவுத்தானாரு?"

பதிவகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து மதாம் ஸுஹைர் இப்படிக் கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் கூடையில் வாத்தோடு வந்திருந்த ஒரு விவசாயி. அவருக்கும் புருஷன் இருக்க வாய்ப்பில்லை.

"உன்னைத்தான். பேரு இன்ஷிராஹ்தானே?"

தலையாட்டினேன்.

"வாயத் தெறந்து சொல்லு. தலையாட்டுறத எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிக்க முடியாது."

உம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவ பேச மாட்டா மதாம், கூச்சப்படுவா. என்ன விஷயம்னு எங்கிட்ட சொல்லுங்க."

"இவ புருஷன் செத்த தேதி வேணும்."

"எந்தப் புருஷன்?"

"ஏம்மா, எத்தன புருஷன் இவளுக்கு?"

"ஒருத்தனும் இல்ல! பதினேழு வயசுப் புள்ள. இன்னும் கல்யாணமே ஆகல."

மதாம் ஸுஹைர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சலிப்போடு உம்மாவைப் பார்த்தார். "கல்யாணம் ஆகாம ஒருத்தி எப்படிம்மா விதவை ஆவா? கொஞ்சம் யோசிச்சுப் பேசு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இத்தாவாவது ஒழுங்கா இருந்தாளா?" என்று கேட்டார்.

இத்தா என்று இறந்தவனுக்காக வீட்டுக்குள் அடைந்து இருக்க வேண்டிய காலத்தை நான் கடைப்பிடிக்கவில்லை. அன்று காலைகூட ரொட்டி வாங்கப் போயிருந்தேன். அதைச் சொன்னால் இன்னொரு குற்றமாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

நான் பள்ளியைப் பாதியில் விட்டவள். வீட்டிலிருந்தே படித்து இறுதித் தேர்வு எழுத அனுமதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய பாடப்புத்தகங்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும். வியாழக்கிழமை மதியம் விண்ணப்ப ஜன்னலை மூடிவிடுவார்கள். இந்த வருடம் விட்டால், அடுத்த வருடம் என் மாமா என்னைத் துணி மில்லில் சேர்த்துவிடுவார். அதற்கு அவர் ஏற்கெனவே மேற்பார்வையாளரிடம் சொல்லிவைத்திருந்தார். எனக்குத் தேவைப்பட்டது அந்த அட்டை ஒன்றுதான். புருஷனைப் பற்றி நான் யோசித்ததுகூட இல்லை.

மதாம் ஸுஹைர் இரக்கம் மேலிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர், உம்மாவின் பெயர், தெருப் பெயர். அதற்குக் கீழே ஒரு நீளமான பெட்டி. அதன் ஓரத்தில் சின்ன அம்புக்குறி. அதை அழுத்தினால் பெட்டி கீழே விரிந்து, உள்ளே இருக்கும் சொற்களைக் காட்டும். அழுத்தாவிட்டால் முதல் சொல்லை மட்டும் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். என் விரிபெட்டியில் இருந்த சொல், அர்மலா. விதவை.

"இத யாரு எழுதினா?" என்றாள் உம்மா.

"யாரும் எழுதல. அதுவா இருந்துச்சு."

அது உண்மைதான். எங்கள் அரபு எழுத்து வரிசையில் முதல் எழுத்து அலிஃப். விதவை என்ற சொல் அலிஃபில் தொடங்குகிறது. மணமாகாதவள் என்பதற்கு அஸ்பா என்று போட்டிருக்கிறார்கள். அது ஐன் என்ற எழுத்தில் தொடங்குகிறது, எங்கோ நடுவில் கிடக்கிறது. திருமணமானவள், விவாகரத்தானவள் இருவரும் அதற்கும் கீழே. மதாம் ஸுஹைர் பெயரை அடிப்பார், தெருவை அடிப்பார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். விரிபெட்டியைத் தொட அவருக்கு நேரம் இருந்ததில்லை. தொடாத பெட்டி முதல் சொல்லிலேயே நின்றது.

இப்படியாக, புதிய திரைகள் வந்த பெருநாளுக்குப் பிறகு எங்கள் ஊரில் அட்டை வாங்கப் போன பெண்கள் எல்லாரும் விதவைகள். ஆண்கள் எல்லாரும் மனைவியை இழந்தவர்கள். முடிவெட்டும் கடைப் பையன் மீசை முளைக்கும் முன்பே தாரமிழந்திருந்தான். இத்தனை சாவு நடந்தும் ஊரில் ஒரு துக்கப் பந்தல் போடவில்லை. துக்க வீட்டில் தரும் கசப்புக் காப்பியை யாரும் குடிக்கவில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப மாத்திக் குடுங்க," என்றாள் உம்மா.

மதாம் ஸுஹைர் அம்புக்குறியை அழுத்தினார். பெட்டி விரிந்தது. அதில் மூன்று சொற்கள்தான் இருந்தன: விதவை, திருமணமானவள், இறந்தவள்.

"அஸ்பா எங்க?"

"விதவைக்கு அது வராது. ஒரு தடவ புருஷன் வந்துட்டா திரும்பக் கன்னி ஆக முடியுமா? மேல இருக்கறவங்க யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க." அவர் என்னைப் பார்த்தார். "இந்த மூணுல ஒண்ணு சொல்லு பொண்ணே. எனக்கு இதுல தனிப்பட்ட விருப்பம் எதுவும் கெடையாது."

வாத்து கத்தியது. விவசாயி, "இறந்தவள்னு மட்டும் போட்டுறாதம்மா, என் மச்சான அப்படிப் போட்டுட்டு இன்னும் ரொட்டி அட்டை வாங்க முடியல," என்று அறிவுரை சொன்னார்.

"புருஷன் பேரு என்னன்னு போட்டிருக்கு?" என்று உம்மா கேட்டாள். அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

இப்ராஹீம் அபுல்கைத். கேள்விப்படாத பெயர். மாகாணத்தில் இறந்துபோன ஆண்களை எல்லாம் இன்னொரு விரிபெட்டியில் எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தார்கள். அதில் முதல் ஆள் அவர்.

"மாகாண அலுவலகத்துக்குப் போங்க," என்றார் மதாம் ஸுஹைர். "திரைகள ஒருமைப்படுத்துற உயர்நிலைக் குழு அங்கதான் கூடுது. நான் பெட்டிய வச்சவ இல்ல, அழுத்துறவ."

"அழுத்தவும் இல்லையே நீங்க!" என்றாள் உம்மா.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வாத்துக்காரர் தாரமிழந்தவர் ஆவதற்காக முன்னால் நகர்ந்தார்.

புதன்கிழமை காலை உம்மாவும் நானும் மைக்ரோபஸ் பிடித்து மாகாண அலுவலகத்துக்குப் போனோம். குழுவின் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சு. அதில் கறுப்பு உடுத்திய ஒரு முதிய பெண் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, ஓட்டைத் தன் கைக்குட்டையில் கவனமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"நீங்களும் விதவையா?"

"எம் பொண்ணு," என்றாள் உம்மா.

"புருஷன் பேரு?"

உம்மா சொன்னாள். அந்த அம்மாள் கொறிப்பதை நிறுத்தினார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எத்தனாவது நீ?"

எனக்குப் புரியவில்லை.

"எம் புருஷனுக்கு எத்தனாவது பொண்டாட்டின்னு கேக்கறேன். நான்தான் ஹாஜ்ஜா தஹானி. இப்ராஹீமோட சம்சாரம். ஒரிஜினல்."

உம்மா கையை வாயில் வைத்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். மூத்த சக்களத்தியின் முன்னால் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று ஏன் தோன்றியதோ தெரியவில்லை.

"உக்காரு, உக்காரு. உன்மேல என்ன தப்பு. காலைலேர்ந்து நாலஞ்சு பேரு வந்துட்டீங்க. ஒருத்திக்கு மூக்குகூட இன்னும் குத்தல." ஒரு பிடி விதையை என் கையில் வைத்தார். "அந்த மனுஷன் அத்திப்பழம் வித்தாரு. ஒரு பொண்டாட்டிக்குச் செருப்பு வாங்கித் தர மூணு பெருநாள் தள்ளிப்போட்டவரு. செத்ததுக்கப்புறம் பாரு, ஊரெல்லாம் கட்டியிருக்காரு."

"நீங்க எதுக்கு வந்தீங்க ஹாஜ்ஜா?" என்றாள் உம்மா.

"வீட்டுக்குத்தான். பழைய வாடகை வீடு, அவரு பேருல இருக்கு. அவரு போனப்புறம் விதவை இருக்கலாம்னு சட்டம். இப்ப வீட்டுக்காரன் பதிவுல பாத்துட்டு வந்து கேக்கறான், 'விதவை இருக்கலாம் ஹாஜ்ஜா, எந்த விதவை?'னு. சட்டப்படி பாத்தா நீங்க அத்தன பேரும் என் ரெண்டு ரூம்ல வந்து படுக்கலாமாம். அவனுக்கு இதுதான் சாக்கு. ஒரிஜினல் நான்தான்னு புது அட்டையக் காட்டலன்னா, இந்த வாரமே சாமானத் தெருவுல வச்சிருவான்."

அவர் நிறுத்தாமல் பேசினார். இப்ராஹீம் குறட்டை விட்ட விதம், அத்திப்பழத்தைத் தொட்டாலே அது எந்தக் கிராமத்தது என்று அவர் சொன்னது, கடைசி நாளில் தண்ணீர் கேட்காமல் சர்க்கரை போட்ட டீ கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே கூப்பிடுவதற்குள் என் மறைந்த கணவரைப் பற்றி எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. நல்ல மனிதர்போல இருந்தது.

குழுவின் தலைவர் ஷவ்கத் பே. பே என்றால் ஐயா மாதிரி. அவர் பெரிய மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு கணினியின் முன்னால், சட்டைக் கை மடித்த ஒருவர் முதுகைக் காட்டியபடி இருந்தார். ஜாவா என்ற கணினி மொழியில் இந்தத் திரைகளை எழுதிய பாஷ்முஹந்திஸ், அதாவது எஞ்சினியர், வக்தி அவர்தான் என்று பிறகு தெரிந்தது. சில வாரங்களுக்கு என்று அழைத்துவந்து, சில வருடங்களாக வைத்திருந்தார்கள். வேறு யாருக்கும் அது புரியாது என்பதால் அவர் போக முடியவில்லை.

ஷவ்கத் பே என் காகிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பதினேழு வயசு. பதினெட்டுக்கு முன்னாடி நிக்காஹ் குற்றம். தெரியுமா?"

"நிக்காஹே நடக்கல பே," என்றாள் உம்மா.

"புருஷன் செத்துத் தப்பிச்சுட்டான். தாய்தான் பதில் சொல்லணும். அது ஒண்ணு. ரெண்டாவது, இந்த இப்ராஹீம் நாலுக்கு மேல கட்டியிருக்கான். மார்க்கத்துல நாலுக்கு மேல எடம் கெடையாது. ஆக, உம் பொண்ணு மொத நாலு பேருக்குள்ள வர்றாளான்னு நிரூபிக்கணும். வந்தா விதவை. வரலன்னா..." அவர் உறுப்பினர்களைப் பார்த்தார்.

"அதுக்குப் பெட்டியில சொல் இல்ல," என்றார் ஒருவர்.

"சொல்லில்லாத நிலைமைக்கு நாம ஆளாக முடியாது," என்றார் ஷவ்கத் பே.

உம்மா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே கேட்டாள். அஸ்பா என்ற சொல்லையே முதலில் வைத்திருந்தால் என்ன? இல்லை, 'தேர்ந்தெடு' என்று ஒரு வெற்று வரியை வைத்திருந்தால் என்ன?

வக்தியின் முதுகு லேசாக அசைந்தது. ஷவ்கத் பே புன்னகைத்தார். இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தது போலிருந்தது.

"பாஷ்முஹந்திஸ் வக்தியும் இதையேதான் சொன்னாரு. தேர்ந்தெடுன்னு ஒரு வரி. நான் கேட்டேன், யாரு யாரப் பாத்துத் தேர்ந்தெடுன்னு சொல்றது? அரசாங்கம் குடிமகன்கிட்ட கேள்வி கேக்குதா? அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும்னுதானே ஜனங்க இங்க வர்றாங்க? சரி, வெறுமையா விடலாம்னாரு. ஒரு நாட்டோட பெட்டி வெறுமைலயா ஆரம்பிக்கிறது?" ஒரு மடக்கு டீ குடித்தார். "முதல்ல எல்லாச் சொல்லையும் திரையில பட்டியலா அப்படியே காட்டுறதாத்தான் இருந்துச்சு. நான்தான் வேணாம்னேன். பட்டியல்ல எல்லாம் ஒரே நேரத்துல கண்ணுக்குத் தெரியும். பாக்கறவனுக்கு, நமக்கு எத வேணா எடுத்துக்கற உரிமை இருக்குன்னு ஒரு தப்பான எண்ணம் வரும். விரிபெட்டி அப்படி இல்ல. ஒண்ணத்தான் காட்டும். மிச்சம் இருக்கு, ஆனா அழுத்தினாத்தான் இருக்கு. நிர்வாகம்னா அதுதான்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

"அப்பறம் அந்தச் சொல் விஷயம். ஆரம்பத்துல மணமாகாதவளுக்கு 'ஆனிஸா'ன்னுதான் போட்டிருந்தாங்க."

ஆனிஸா அலிஃபில் தொடங்குகிறது. அர்மலாவுக்கும் முன்னால் வரும். அது மட்டும் இருந்திருந்தால், மதாம் ஸுஹைர் தொடாத பெட்டிகளில் எல்லாம் நாங்கள் இருந்தபடியே இருந்திருப்போம்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றார் ஷவ்கத் பே. "ஆனிஸான்னு பஸ்ஸுல பொண்ணுங்களக் கூப்பிடுவாங்க. கடையில கூப்பிடுவாங்க. அரசாங்கம் பொண்ணுங்ககிட்டக் கொஞ்சிப் பேசக் கூடாது. அஸ்பான்னா ஒரு கனம் இருக்கு."

அதற்குப் பிறகு குழு என்னவெல்லாம் சாதித்தது என்று விளக்கினார். விரிபெட்டியின் அம்புக்குறி வலப்பக்கம் இருந்ததாம். வலமிருந்து இடமாக எழுதும் மக்களுக்கு அது அவமானமாம். ஒரு ரமலானிலிருந்து மறு ரமலான்வரை கூடிப் பேசி அதை இடப்பக்கம் கொண்டுவந்தார்கள். அட்டவணையில் விதவைகளின் வரிக்கு மரியாதையான சாம்பல் நிறம் பூசினார்கள். அட்டவணை நெருக்கமாகத் தெரிந்ததால் பதிவு செய்த தேதி, கணவன் இறந்த தேதி என்ற கட்டங்களை முந்தின நாள் மாலைதான் நீக்கினார்கள்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள அட்டை வேணும் பே," என்றாள் உம்மா. "அது இல்லன்னா இவ படிப்பு போச்சு. மில்லுக்குத்தான் போகணும். வேற எதுவும் கேக்கல. உங்க காலப் புடிக்கறேன்."

"அழாதம்மா. நாம இருக்கறது எதுக்கு? பாஷ்முஹந்திஸ்!"

வக்தி திரும்பினார். தூக்கம் கெட்ட முகம். "கட்டத்துல இருக்கற சொல்ல மாத்தணும். அவ்வளவுதான். விதவை திரும்ப அஸ்பா ஆகாதபடி நீங்கதான் அந்தக் கட்டத்தப் பூட்டச் சொன்னீங்க. பூட்டத் தெறக்கச் சொன்னா தெறக்கறேன்."

"பூட்டு குழுவோட தீர்மானம். தெறந்தா, அப்ப பூட்டினது தப்பான்னு கேப்பாங்க. சொல்ல மாத்தாம சரி பண்ணு."

வக்தி கண்ணைக் கசக்கினார். "ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டு வேலைக்காரங்க இருக்காங்க பே. ஒருத்தன் மாத்துறவன், ஒருத்தன் காட்டுறவன். மாத்துறவன நீங்க பூட்டிட்டீங்க. காட்டுறவன்கிட்ட வேணா சொல்லலாம். உள்ள அர்மலான்னு இருந்தா வெளிய அஸ்பான்னு காட்டுன்னு. அட்டை அச்சடிக்கறது வெளிய தெரியறதத்தான்."

"உள்ள?"

"உள்ள விதவைதான். எப்பவும்."

ஷவ்கத் பே மேசையைத் தட்டினார். "அற்புதம்! எதையும் மாத்தல, எல்லாம் மாறிருச்சு!"

"ஆனா காட்டுறவனுக்கு ஆள் தெரியாது," என்றார் வக்தி. "சொல்தான் தெரியும். இந்தப் பொண்ணுக்கு மட்டும்னு சொல்ல முடியாது. அர்மலான்னு இருக்கற எல்லாருமே அஸ்பா ஆயிருவாங்க, அட்டையில புருஷன் பேரும் வராது. உண்மையா புருஷன இழந்தவங்களும்."

"அவங்கள மட்டும் பிரிச்சுரு."

"தேதிய வச்சுப் பிரிச்சிருக்கலாம். தேதிக் கட்டத்த எடுத்துட்டீங்க."

ஒரு உறுப்பினர், உண்மையான விதவைகள் வயதானவர்கள்தானே, அவர்கள் இனி என்ன கல்யாணமா செய்யப்போகிறார்கள் என்று நினைவூட்டினார். இன்னொருவர், மாகாணத்தில் விதவைகளே இல்லை என்று அறிக்கை அனுப்பினால் தலைநகரில் நல்ல பெயர் கிடைக்கும் என்றார். ஷவ்கத் பே அதைக் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தந்தையைப் போன்ற குரலில் கேட்டார்.

"உனக்கு இதுல சம்மதமா பொண்ணே?"

கதவின் கண்ணாடிக்கு அப்பால் பெஞ்சின் ஒரு முனை தெரிந்தது. அதில் விரித்த கைக்குட்டை. "ஹாஜ்ஜாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வக்தி மட்டும் என்னைப் பார்த்தார். அவர் விரல் விசைமேல் நின்றது.

"பேசல பாத்தீங்களா?" ஷவ்கத் பே உறுப்பினர்களைப் பார்த்துச் சிரித்தார். "நிக்காஹ்ல சம்மதம் கேக்கறப்ப கன்னிப் பொண்ணு பேசாம இருந்தா, அதையே சம்மதமா எடுத்துக்கறோம். இப்பதான் இவ அஸ்பான்னு எனக்கே நம்பிக்கை வருது. அழுத்து பாஷ்முஹந்திஸ்."

"அவகிட்ட இன்னொரு தடவ கேளுங்க," என்றார் வக்தி.

"உன்ன வீட்டுக்கு அனுப்பணுமா வேணாமா?"

வக்தி அழுத்தினார். திரையில் சாம்பல் வரிகள் எல்லாம் ஒரே நொடியில் வெளுத்தன.

வெளியே இருந்த இயந்திரம் அட்டைகளைத் துப்ப ஆரம்பித்தது. என்னுடையதைச் சூடாக எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அஸ்பா. உம்மா நடைக்கூடத்திலேயே நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். கல்யாண வீடு என்று நினைத்துச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். நாளை மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அட்டையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். உள்ளே நான் இன்னும் இப்ராஹீமின் விதவைதான் என்பது நினைவுக்கு வந்தது. என்றைக்காவது ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போனால் அந்தப் பெட்டி மறுபடி விரியும். விரியட்டும், முதலில் தேர்வு எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

ஹாஜ்ஜா தஹானி தன் அட்டையோடு என்னிடம் வந்தார்.

"கெடச்சுருச்சு பொண்ணே! இனி அந்த வீட்டுக்காரன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுப்பான்னு பாக்கறேன். வாசலுக்கு வரட்டும், அவன் மீசைல இத ஒட்டி அனுப்பறேன். இந்தா, கண்ணாடி எடுத்துட்டு வரல. மனுஷன் பேர எப்படிப் போட்டிருக்கானுங்க, வாசி. அபுல்கைத்னு முழுசா போட்டிருக்கானா? சத்தமா வாசி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவர் பெயர் இருந்தது. தெரு இருந்தது. கணவர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"பேரு எங்க?" என்றார்.

உம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. வாழ்க்கையில் அதுவரை வராத சத்தத்தில் என் குரல் வந்தது. நடைக்கூடத்தின் கடைசி வரை கேட்டிருக்கும்.

"தஹானி. அஸ்பா. மணமாகாதவள்."

ஹாஜ்ஜா என் வாயையே பார்த்தபடி நின்றார். அதிலிருந்து இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருப்பவர்போல. பிறகு கையை நீட்டி அட்டையை வாங்கினார். முக்காட்டின் முனையால் ஒருமுறை துடைத்தார். பெஞ்சிலிருந்த கைக்குட்டையை எடுக்கவில்லை. மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.